தண்ணி படாத நோட்டு

நான் கோபக்காரி. அதை முதல்லயே சொல்லிடறேன். எனக்கு ஒருத்தன் கெடுதல் பண்ணினா, போனாப் போகட்டும்னு விடற மனசை ஆண்டவன் எனக்கு வைக்கவே இல்ல. "அண்ணி, உங்களுக்குக் கோபம் வந்தா சீக்கிரம் போகாது, வாடகைக்கு வந்து குடியிருக்கும்"னு என் நாத்தனார் சொல்லுவா. ஆமா, இருக்கும். இந்தத் தடவை ரெண்டு வருஷம் இருந்துச்சு.

எங்களுக்கு லாண்டரிக் கடை. நானும் என் வீட்டுக்காரரும் பத்தொன்பது வருஷமா நடத்துறோம். முன்னால கவுன்ட்டர், பின்னால ரெண்டு மெஷினும் ஒரு இஸ்திரி மேசையும், மாடியில எங்க வீடு. மெஷினும் இஸ்திரியும் அவர் பாடு. துணி வாங்கி டோக்கன் கட்டறது, கறையைப் பார்த்து அது என்ன கறைன்னு கண்டுபிடிச்சு எடுக்கறது என் பாடு. பையைத் துழாவிப் பார்க்காம ஒரு சட்டையைக்கூட மெஷினுக்குள்ள விடமாட்டேன். பேனா ஒண்ணு உள்ள போயிட்டா அன்னிக்கு மொத்தத் துணியும் நாசம்.

அப்படித் துழாவும்போதுதான் ஒரு பழைய கோட்டோட கிழிஞ்ச உள்துணிக்குள்ள ஏதோ நெருடுச்சு. வெரலை விட்டு எடுத்தா ஒரு நோட்டு. ஹங்கேரி நாட்டுப் பத்து ஃபோரிண்ட். கோட்டுக்காரருக்கு உடனே போன் போட்டேன். "அது எப்பவோ செல்லாமப் போச்சும்மா, நீயே வெச்சுக்கோ"ன்னுட்டார். வெச்சுக்கிட்டேன். அதோட விட்டிருக்கலாம். விட்டேனா? அந்த நாட்டு நோட்டுங்களையே தேடித் தேடிச் சேர்க்க ஆரம்பிச்சேன்.

கம்யூனிஸ்ட் ஆட்சி நடந்த நாப்பது வருஷமும் அந்த நாட்டு நோட்டுல மூஞ்சி மாறல. பத்துல ஒரு கவிஞர், இருபதுல பரட்டைத் தலைக் குடியானவத் தலைவன், நூறுல தாடிக்காரர். ஆனா ஆட்சி கொஞ்சம் ஆட்டம் கண்டா, நோட்டுல இருக்கற அரசுச் சின்னம் மட்டும் மாறிடும். கொஞ்ச காலம் சுத்தியலும் கோதுமைக் கதிரும், அப்புறம் அதைத் தூக்கிட்டு ஒரு கேடயம், அப்புறம் வேற ஒண்ணு. ஒரே மாதிரி ரெண்டு நோட்டைப் பக்கத்துல வெச்சு வித்தியாசம் தேடறது எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. கறை தேடற கண்ணு இல்லையா, சும்மா இருக்குமா? இருபது ஃபோரிண்டுக்குப் பின்பக்கம் பார்த்திருக்கீங்களா? கையில சுத்தியலும் கதிருமா ஒரு வாலிபன் நிக்கிறான், உடம்புல பொட்டுத் துணி கிடையாது. "லாண்டரிக்காரிக்கு வேலையே வைக்காத ஒரே ஆம்பள இவன்தான்"னு என் வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். அவருக்குச் சிரிப்பு வந்துச்சு, ஆனா கையில இருந்த சட்டைக் காலரை விட்டுக் கண்ணெடுக்கல.

எங்க ஊர்ல நோட்டு சேகரிக்கிறவங்களுக்கு ஒரு சங்கம் உண்டு. மாசத்துல ரெண்டாவது ஞாயித்துக்கிழமை, ஒரு டிரைவிங் ஸ்கூல் மாடியில கூடுவாங்க. டிரைவிங் ஸ்கூல் முதலாளிதான் சங்கத்துச் செயலாளர். சுவரெல்லாம் போக்குவரத்துச் சின்னம், நடுவுல நீள மேசை, சுத்தி இருபது ஆம்பளைங்க. நான் போய்ச் சேர்ந்தப்ப இருபத்தோராவது நாற்காலி கீழேயிருந்து வந்துச்சு.

அந்தச் சங்கத்துல ஒரு வழக்கம். யாராவது புதுசா ஒரு நோட்டு கொண்டு வந்தா அது மேசையைச் சுத்தி வரும். எல்லாரும் பார்ப்பாங்க, ஒருத்தரும் வாய் திறக்க மாட்டாங்க. கடைசியா ஜட்ஜ் கைக்குப் போகும். நிஜ ஜட்ஜ் இல்ல. பேங்குல தலைமைக் காசாளரா இருந்து ஓய்வு வாங்கினவர். நோட்டு நல்லதா, சுமாரா, கை வெச்சதான்னு தீர்ப்பு சொல்றதால அந்தப் பேர். லென்ஸ் வெச்சுப் பார்ப்பார், கட்டை விரல் நகத்தால வருடுவார், மோந்து பார்ப்பார், துவைச்ச சுவடு மின்னுதான்னு ஊதா விளக்குல காட்டுவார். அப்புறம் பென்சிலை எடுத்து நோட்டோட காகித உறை மேல தீர்ப்பை எழுதிக் கையெழுத்துப் போடுவார். அதுக்கு மேல அப்பீல் கிடையாது. எங்க உலகத்துல நோட்டைத் துவைக்கிறதும் இஸ்திரி போடறதும்தான் பெரிய பாவம். கசங்கின நோட்டை அமுக்கி, புதுசுன்னு ஊரை ஏமாத்தறவனை அந்த மேசையில உட்கார விடமாட்டாங்க.

எனக்கு ஒரு அம்பது ஃபோரிண்ட் கிடைச்சது. ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அம்பத்தொண்ணாம் வருஷத்தது. முன்னால நீள முடி வெச்ச இளவரசர், பின்னால குதிரைச் சண்டை, சின்னத்துல சுத்தியலும் கதிரும். வெளிநாட்டுல ஒருத்தரோட மூணு வருஷம் கடிதம் எழுதி, என்கிட்ட இருந்த நல்லதையெல்லாம் ஒண்ணொண்ணா அனுப்பி வாங்கினது. ஒரு மடிப்பு இல்ல. அச்சு மையை விரலால தடவினா மேடு தட்டும். யாரோ அதை வாங்கின நாள்லயே புத்தகத்துக்குள்ள வெச்சு மறந்துட்டாங்கன்னு நினைக்கிறேன். நான் அதைத் தொட்டதே நாலு தடவைதான். அதுவும் ஓரத்தைப் பிடிச்சு.

ஞாயித்துக்கிழமை கொண்டு போனேன். மேசையைச் சுத்தி வந்துச்சு. மருந்துக்கடைக்காரர், எப்பவும் என் பக்கத்துல உட்கார்றவர், மூச்சை இழுத்துப் பிடிச்சுக்கிட்டுப் பார்த்தார். ஜட்ஜ் வாங்கினார். ரொம்ப நேரம் பார்த்தார். அந்தக் கண்ணுல ஆசை வந்ததை நான் பார்த்தேன். அப்புறம் நோட்டைக் கீழ வெச்சுட்டு என்னைப் பார்த்து இளிச்சார்.

"என்னம்மா, வீட்டுக்காரர்கிட்ட கொடுத்து வாங்கிட்டு வந்தியா?"

"எதை சார்?"

"இஸ்திரி போட்டிருக்கே. லாண்டரி வீட்டு நோட்டு லாண்டரி மாதிரிதானே இருக்கும்?"

இருபது பேரும் சிரிச்சாங்க. மருந்துக்கடைக்காரர்கூட, பாவம், வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிச்சார். ஜட்ஜ் பென்சிலை எடுத்து உறை மேல எழுதினார். "தேய்த்தது." கீழ கையெழுத்து.

"சார், சத்தியமா இதுல தண்ணிகூடப் பட்டதில்ல"ன்னேன். குரல் உடைஞ்சு போச்சு. அதை நினைச்சா இப்பவும் எனக்கு என் மேலயே ஆத்திரம் வருது. சத்தம் போட்டிருக்கணும். அழற மாதிரி நின்னேன்.

அன்னியிலிருந்து என் பேர் இஸ்திரி. முகத்துக்கு நேரா யாரும் கூப்பிடல, முதுகு திரும்பினாப் போதும். நான் கொண்டு போற எந்த நோட்டையும் யாரும் மாத்திக்க வரல. வீட்டுல அந்த அம்பதைப் பார்க்கவே பிடிக்கல. என் வீட்டுக்காரருக்கு நோட்டுல ஒண்ணும் தெரியாது. ஆனா நேரா கிளம்பி டிரைவிங் ஸ்கூலுக்குப் போய், செயலாளர்கிட்ட, "என் பொண்டாட்டி பொய் சொல்லமாட்டா. அந்த இஸ்திரிப்பெட்டியைத் தொடறவன் நான் ஒருத்தன்தான். நான் போடல"ன்னு சொல்லிட்டு வந்தார். நாலு பேர் எதிர்ல பேசினாலே நாக்கு ஒட்டிக்கிற மனுஷன். அன்னிக்கு அவர் மேல எனக்கு வந்த பாசத்தை என்னன்னு சொல்ல.

மூணு மாசம் கழிச்சு ஜட்ஜோட மச்சினன், பல் டாக்டர், அவனும் சங்கத்துக்காரன்தான், கடைக்கு வந்தான். கோட்டு துவைக்கக் கொடுக்க வந்தவன் மாதிரி வந்து, "அக்கா, அந்த அம்பது சும்மாத்தானே கிடக்குது? தேய்ச்சதா இருந்தாலும் பரவாயில்ல, ஆல்பத்துல ஓட்டையை அடைக்கணும். என்கிட்ட இருக்கற ஒரு டஜன் இருபதைத் தர்றேன்"னான். கொடுத்துட்டேன். உறையோட கொடுத்துட்டேன். தொலைஞ்சது சனியன்னு நினைச்சேன். முட்டாள்.

அடுத்த வருஷம் பக்கத்து ஊர்ல பெரிய நோட்டுக் கண்காட்சி. போனேன். நடு ஹால்ல ஜட்ஜோட கண்ணாடிப் பெட்டி. அதுக்கு நடுவுல என் அம்பது. சீரியல் நம்பர் எனக்கு என் போன் நம்பர் மாதிரி மனப்பாடம். கீழ அட்டையில அழகா டைப் அடிச்சிருக்கு: "முற்றிலும் அசல் நிலை. தண்ணீரோ அழுத்தமோ படாதது."

ஜட்ஜ் பக்கத்துலதான் நின்னார்.

"சார், இது என் நோட்டு."

"எதும்மா? இதுவா? இது என் மச்சினன் எங்கேயோ வாங்கினது."

"என்கிட்ட வாங்கினது. நம்பர் அதே. நீங்கதான் தேய்த்ததுன்னு எழுதினீங்க."

"எழுதின உறை இருக்கா? போட்டோ இருக்கா?" குரலைத் தாழ்த்தினார். சிரிச்சுக்கிட்டே இருந்தார். "உனக்கு ஞாபகப் பிசகும்மா. போய் நிழலா ஒரு இடத்துல உட்காரு."

அங்கேயே அந்தக் கண்ணாடியை உடைச்சிருப்பேன். உடைச்சா என்னைத்தான் பைத்தியம்னு பிடிச்சுக் கொடுத்திருப்பாங்க. பல்லைக் கடிச்சுக்கிட்டு வெளிய வந்தேன். நோட்டு போனது கிடக்கட்டும். என் பேரு! கறை எடுக்கிறவ நான், என் மேலயே கறையைப் பூசிட்டு, அந்தாள் அசல் நோட்டு பக்கத்துல மாப்பிள்ளை மாதிரி நிக்கிறான். இவனை அந்த மேசையில, அந்த இருபது பேர் முன்னால மண்ணைக் கவ்வ வைக்காம விடமாட்டேன்னு பஸ் ஸ்டாண்டுல நின்னு வாய்விட்டே சொன்னேன். பக்கத்துல நின்ன பொம்பளை தள்ளிப் போய் நின்னா.

எங்க அடிக்கணும்னு எனக்கு நல்லாத் தெரியும். அவன் கண்ணுல. அந்தாள் சொத்தே அந்தக் கண்ணுதான். என்னை இஸ்திரின்னு சொன்னான் இல்ல? சரி. நிஜமாவே துவைச்சு அமுக்கின ஒரு நோட்டை அவன் கையில கொடுத்து, "தண்ணி படாதது"ன்னு அவன் பென்சிலாலேயே எழுத வைக்கிறேன்.

அம்பதை அனுப்பின வெளிநாட்டுக்காரருக்கே எழுதி, நாப்பத்தொன்பதாம் வருஷத்து இருபது ஒண்ணு வரவழைச்சேன். நாலா மடிச்சது, நடுவுல டீ கிளாஸ் வெச்ச வட்டக் கறை, ஓரமெல்லாம் அழுக்கு. அதை அன்னிக்குத் தேதி போட்ட பேப்பர் மேல வெச்சு ரெண்டு பக்கமும் போட்டோ எடுத்தேன். இந்தத் தடவை போட்டோ எடுத்தேன்.

ஆனா உடனே அதுல கை வைக்கல. எழுபதுகள்ல வந்த மலிவு நோட்டுங்களை வெச்சு ஆறு மாசம் பழகினேன். முதல் நோட்டுல சிவப்பு நம்பர் கரைஞ்சு ஓடுச்சு. ரெண்டாவது ஊதா விளக்குல நீலமா மின்னுச்சு. என் கையில ஒட்டியிருந்த சோப்புத்தூள் வேலை. அதனால கடையில செய்யறதை விட்டேன். மாடிச் சமையலறையில, சோப்பு படாத கையோட, பேட்டரிக்கு ஊத்துற சுத்தத் தண்ணியை அகலத் தட்டுல ஊத்தி, பட்டுத்துணி போடற வலைப்பை மேல அழுக்கும் கறையும் இறங்கற வரைக்கும் தண்ணியை மாத்தி மாத்தி நோட்டை மிதக்க விட்டேன். இஸ்திரிப்பெட்டி பக்கமே போகல. அங்கதான் எல்லாரும் மாட்டுவாங்க. சூடு பட்டா அச்சு மேடு அமுங்கிப் பளபளன்னு ஆயிடும். நான் ரெண்டு கம்பளித் துணிக்கு நடுவுல வெச்சேன். மேடு கம்பளிக்குள்ள போய் உட்கார்ந்துக்கும், மடிப்பு மட்டும் நேராகும். மேல கண்ணாடிப் பலகை, பதினஞ்சு நாள். அப்புறம் ஈரக் காத்துல தொங்க விட்டா காகிதத்துக்கு இயல்பா இருக்கற நெளிவு திரும்ப வந்துடும். கடைசியா ஒரு மாசம் பழைய அகராதிக்குள்ள, வாசனைக்காக.

பதினொரு நோட்டு கெட்டுச்சு. பன்னிரண்டாவது சரியா வந்துச்சு. அந்தப் பன்னிரண்டும் பல் டாக்டர் எனக்குக் கொடுத்த டஜன்தான். அப்புறம் நாப்பத்தொன்பதாம் வருஷத்து இருபதுல கை வெச்சேன். நாத்தனார் பக்கத்துல நின்னு முதல்ல இருந்து கடைசி வரைக்கும் போன்ல வீடியோ எடுத்தா. அவ ஊர்ல பியூட்டி பார்லர் வெச்சிருக்கா. "அண்ணி, என் கஸ்டமர் மூஞ்சிக்குக்கூட நான் இவ்வளவு பண்ணதில்ல"ன்னா.

முடிச்சு என் வீட்டுக்காரர்கிட்ட காட்டினேன். லைட்டுல பிடிச்சுப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். மடிப்பு எங்க இருந்துச்சுன்னு அவருக்கும் தெரியல.

"இதுவா டீக் கறை இருந்தது?"

"இதுவேதான்."

"இவ்வளவு சுத்தமா உனக்குச் செய்ய வருமா?" கொஞ்ச நேரம் என் மூஞ்சியையே பார்த்தார். பாராட்டுறார்னு எனக்குப் பெருமை தாங்கல.

நாத்தனாரைச் சங்கத்துல யாருக்கும் தெரியாது. ஞாயித்துக்கிழமை நல்லா உடுத்திக்கிட்டு, மாமனார் கப்பல்ல வேலை பார்த்தவர், அவர் பெட்டியில கிடைச்சதுன்னு சொல்லி நோட்டைக் கொடுத்தா. நான் பத்து நிமிஷம் முன்னாடியே போய் என் மூலையில உட்கார்ந்திருந்தேன். மேசையைச் சுத்தி நோட்டு வந்துச்சு. என் கைக்கும் வந்துச்சு. நானும் புதுசாப் பார்க்கிற மாதிரி பார்த்துட்டு மருந்துக்கடைக்காரருக்குத் தள்ளினேன்.

ஜட்ஜ் வாங்கினார். லென்ஸ். நகம். மூக்கு. ஊதா விளக்கு. பல் டாக்டர் எட்டிப் பார்த்தான். ஜட்ஜ் கண்ணுல அதே ஆசை. ஆனா இந்தப் பொம்பளை லாண்டரிக்காரி இல்லையே, கப்பல்காரர் வீட்டு மருமகளாச்சே! இவகிட்ட தேய்த்ததுன்னு சொன்னா எழுந்து போயிடுவா. பேசி மயக்கி வாங்கணும்.

"அபாரம்மா. அச்சாபீஸ்ல இருந்து நேரா வந்த மாதிரி இருக்கு. இந்த மாதிரி ஒண்ணு நான் தொட்டு வருஷக் கணக்காச்சு."

"துவைச்சிருக்க மாட்டாங்களே சார்? யாரோ அப்படிப் பண்ணுவாங்களாமே?" நாத்தனார் கண்ணை அகல விரிச்சுக் கேட்டா. நடிப்புன்னா நடிப்பு.

"நாப்பது வருஷம் நோட்டு தொட்ட கைம்மா இது. துவைச்சிருந்தா தொட்டதுமே சொல்லிடுவேன்." பென்சில் எடுத்தார். "அசல் நிலை. தண்ணீரோ அழுத்தமோ படாதது." கையெழுத்துப் போட்டார்.

நான் எழுந்தேன்.

"சார், அந்தக் கையெழுத்தை ஒரு தடவை எல்லாருக்கும் காட்டுங்க."

"எதுக்கு?"

"நான் துவைச்ச நோட்டுக்கு நீங்க போட்ட கையெழுத்து. எல்லாரும் பார்க்கட்டும்."

பெரிசு பண்ணி அடிச்சு வெச்சிருந்த போட்டோவை மேசையில போட்டேன். டீக் கறையும் நாலு மடிப்பும் சீரியல் நம்பரும் பளிச்சுன்னு தெரிஞ்சுது. நாத்தனார் போனைச் செயலாளர் கையில கொடுத்தா. வீடியோ ஓடுச்சு. தட்டு, தண்ணி, வலைப்பை, கம்பளி. இருபது தலையும் அந்தப் போன் மேல கவிஞ்சுது. ஒருத்தர் நோட்டையும் போட்டோவையும் மாத்தி மாத்தி நம்பர் பார்த்தார். ஜட்ஜ் முகத்துல ஈ ஆடல.

"இதுதான் சார் துவைச்ச நோட்டு"ன்னேன். இந்தத் தடவை குரல் உடையல. "இதைத் தண்ணி படாததுன்னு எழுதினீங்க. தண்ணியே படாத என் அம்பதைத் தேய்த்ததுன்னு எழுதினீங்க. மச்சினனை விட்டு அதைச் சுருட்டினீங்க. கண்காட்சியில அசல்னு அட்டை போட்டு நின்னீங்க. இப்ப வாயைத் திறந்து சொல்லுங்க. என் அம்பதுல தண்ணி பட்டுச்சா, படலையா?"

சொல்லுவார்னு நினைச்சேன். ரெண்டு வருஷமா நான் காத்திருந்தது அந்த ஒரு வார்த்தைக்குத்தான். பல் டாக்டர் தரையைப் பார்த்தான். செயலாளர், "சொல்லுங்க சார்"னார்.

ஜட்ஜ் லென்ஸைத் துடைச்சுப் பெட்டிக்குள்ள வெச்சார். விளக்கை அணைச்சார். எழுந்து நின்னு என்னைப் பார்க்காம அவங்க எல்லாரையும் பார்த்துச் சொன்னார்.

"எனக்கு வயசாயிடுச்சு. கண்ணு ஏமாத்திடுச்சு, ஒத்துக்கறேன். ஆனா இந்தம்மா நோட்டைத் துவைக்கிறவங்கன்னு நான் அன்னிக்கே சொன்னேன். சொன்னேனா இல்லையா? இன்னிக்கு அவங்க வாயாலேயே சொல்லிட்டாங்க. வீடியோவே எடுத்துக் கொண்டு வந்திருக்காங்க."

அவர் படியில இறங்கிப் போற சத்தம் கேட்டுச்சு. மச்சினன் பின்னாலயே ஓடினான். செயலாளர் மேசையில கிடந்த பென்சிலை எடுத்து டிராயர்ல போட்டார். இனிமே இந்தச் சங்கத்துல அந்தாள் தீர்ப்பு கிடையாதுன்னார். எல்லாரும் தலையாட்டினாங்க. நாத்தனார் என் கையைப் பிடிச்சு அமுக்கினா.

நான் ஜெயிச்சேன். துண்டைக் காணோம் துணியைக் காணோம்னு ஓட வெச்சுட்டேன். சந்தோஷமா இருந்துச்சான்னு கேட்டா, இருந்துச்சு. பொய் சொல்லமாட்டேன். படி இறங்குற வரைக்கும் இருந்துச்சு.

கீழ பயிற்சிக் கார் பக்கத்துல மருந்துக்கடைக்காரர் மூச்சு வாங்க வந்து நின்னார். பையில இருந்து ஒரு உறையை எடுத்தார். நாலு வருஷத்துக்கு முன்னால என்கிட்ட மாத்திக்கிட்ட நூறு ஃபோரிண்ட்.

"தப்பா நினைக்காதீங்கம்மா. இதை நீங்களே வெச்சுக்கங்க. என்னோடதைத் திருப்பிக் கொடுத்துடுங்க."

"சார், இது நான் தொடாதது."

"இருக்கலாம்மா. எனக்கு எப்படித் தெரியும்? ஜட்ஜுக்கே தெரியலையே."

அப்பதான் எனக்கு உறைச்சது. என் அம்பது அசல்னு இந்த உலகத்துல ஒரே ஒருத்தன்தான் அட்டையில டைப் அடிச்சு வெச்சிருந்தான். அவன் கண்ணு நம்ப முடியாத கண்ணுன்னு நானே நிரூபிச்சுட்டேன். அவன் எழுதின தீர்ப்புக்கு இனி மதிப்பே இல்ல. அந்த அட்டைக்கும் இல்ல.

நூறை வாங்கிக்கிட்டேன். நாத்தனார் வழியெல்லாம் ஜட்ஜ் மாதிரி பேசிக் காட்டிச் சிரிச்சுக்கிட்டு வந்தா. அவளை பஸ் ஏத்திட்டுக் கடைக்கு வந்தேன். ஞாயித்துக்கிழமை, ஷட்டர் பாதி இறக்கியிருந்துச்சு. என் வீட்டுக்காரர் திங்கக்கிழமைக்கான துணியை அடுக்கிக்கிட்டிருந்தார். நடந்ததை ஒண்ணு விடாம சொன்னேன். ஜட்ஜ் எழுதினது, போட்டோ போட்டது, அவன் மூஞ்சி செத்தது, எல்லாம். அவர் சிரிக்க வேண்டிய இடத்துல சிரிச்சார். ஜட்ஜ் கடைசியா சொன்னதையும் சொன்னேன். அங்க சிரிக்கல.

ஒரு வெள்ளைச் சட்டையை எடுத்து மடிச்சார். பிரிச்சார். மறுபடியும் மடிச்சார்.

"ஒண்ணு கேட்டா கோவிச்சுக்க மாட்டியே?"

"கேளுங்க."

"அந்த அம்பது... அதையும் நீ ஏதாச்சும்... லேசா... நான் அன்னிக்கு அங்க போய் அவ்வளவு பேசிட்டு வந்தேனே, அதான் கேட்கறேன்."

என் கோபம் எங்க போச்சுன்னு தெரியல. ரெண்டு வருஷம் கூடவே இருந்தது, வேணும்னு தேடினப்ப இல்ல.

"இல்லங்க. தண்ணி படல"ன்னேன்.

"சரி"ன்னார்.

எங்க கடையில தினமும் யாராவது ஒருத்தர் சட்டையை விரிச்சு, "நான் கொடுக்கும்போது இந்தக் கறை இல்ல"ன்னு அடிச்சுச் சொல்லுவாங்க. அவர் சண்டை போட மாட்டார். முகம் மாறாம, ரொம்ப மரியாதையா, "சரிங்க"ன்னு சொல்லிட்டு அந்தச் சட்டையை வாங்கித் தனியா வெச்சுடுவார். பத்தொன்பது வருஷமா பக்கத்துல நின்னு கேட்டிருக்கேன், அந்தச் 'சரி' எனக்குத் தெரியாதா?